எட்டு கிலோவுக்குள் ஒரு கேமரா

பொன்னுரங்கம் தன் மகளைத் தென்காசிக்கு அனுப்ப ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதையும் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே போட்டார். மாடம்பாக்கத்தில் இருபத்தெட்டு வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவர். முக்கியமான எதையும் அவர் வேறு இடத்தில் உட்கார்ந்து சொன்னதில்லை.

"பை எட்டு கிலோ. நம்ம தராசுல நிக்க வெச்சுப் பாப்பேன். அதுக்கு மேல போச்சுன்னா நானும் கூட வரேன். தூக்க ஆள் வேணும்ல?"

தமிழினி தலையாட்டினாள். இயற்பியல் படித்துவிட்டு, தாம்பரத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். எதற்கும் முதலில் தலையாட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து யோசிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. வீட்டுக்குள் போய்ப் பையைக் கட்டிலில் வைத்த பிறகுதான் அந்தக் காட்சி கண்முன் வந்தது. மலைக்காடு. விடியற்காலை. இருவாச்சிப் பறவை ஒன்று அத்திமரத்தில் வந்து உட்காருகிறது. பக்கத்தில் அப்பா, "ஏம்மா, இதுக்கு மூக்கு மேல இன்னொரு மூக்கு வெச்சாப்புல கீது?" என்று, கடையிலிருந்து எதிர்வீட்டு மாடிக்குக் கேட்கும் குரலில் கேட்கிறார். பறவை கேரளாவுக்குப் போய்விடுகிறது.

ஜெரூஷாவும் அவளும் ஆறு மாதமாகத் திட்டம் போட்ட பயணம் அது. ஜெரூஷா ஆய்வகத்தில் அடுத்த மேஜை. ஊரப்பாக்கத்துக்காரி. அவள் வீட்டில் தராசு கிடையாது. அதனால் நிபந்தனையும் கிடையாது.

பொன்னுரங்கத்தின் கவலைக்குக் காரணம் இருந்தது. இளமையில் ஒருமுறை மதுரைக்குப் போகத் தாம்பரம் ரயில் நிலையத்தில் பதினைந்து கிலோ பையோடு ஓடியிருக்கிறார். பையை உள்ளே தள்ளிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. பை மட்டும் மதுரை போய்வந்தது. அன்றிலிருந்து பயணம் என்றாலே அவருக்கு எடைதான்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று அதே ரயிலில், வேறு பெட்டியில், தனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அரக்கு நிறத்தில் மங்கி குல்லா ஒன்றும் வாங்கியாகிவிட்டது. மலையில் குளிருமாம். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அதைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

பயணம் அடுத்த வாரம் புதன்கிழமை. எடை பார்ப்பது வரும் ஞாயிறு. துணி, போர்வை, மழைக்கோட்டு, பறவைப் புத்தகம் எல்லாம் சேர்ந்து ஏழு கிலோ முந்நூறு கிராம் வந்தது. கேமராவுக்கு மிச்சம் எழுநூறு கிராம்.

திங்கட்கிழமை மாலை இருவரும் தாம்பரம் மார்க்கெட் பக்கம், முதல் மாடியில் இருக்கும் ஏகநாதனின் கேமராக் கடைக்குப் போனார்கள். ஏகநாதன் முன்பு கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். இன்னமும் யார் எதிரில் வந்து நின்றாலும் முகவாயைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொல்லும் கை அவருக்கு.

அவர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது. இன்னொன்று குட்டி பீரங்கி மாதிரி இருந்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் விலையைக் காரணம் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

"சின்னது பத்து மடங்கு ஜூம்," என்றார் ஏகநாதன். "ஜீன்ஸ் பாக்கெட்ல போயிடும். ஆனா சாயங்காலம் காட்டுக்குள்ள எடுத்தீங்கன்னா, காடு இருட்டா இருக்குங்கறது மட்டும்தான் படத்துல தெரியும். பெரியது அறுபது மடங்கு. நிலாவுல இருக்கற பள்ளத்தை எடுக்கும். ஆனா கழுத்து உங்களுது."

"எடை?" என்றாள் தமிழினி. அந்தக் கடைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"சின்னது முந்நூறு கிராம். பெரியது ஒரு கிலோ, பேட்டரியோட."

"எதுண்ணா நல்லது?" என்றாள் ஜெரூஷா.

"ரெண்டும் நல்ல கொழந்தைங்கதான். எந்தக் கொழந்தையை நீங்க தினமும் வெளிய கூட்டிட்டுப் போவீங்கன்னு பாருங்க. அலமாரில இருக்கற கேமரால ஜூம் எத்தனை மடங்கு இருந்து என்ன?" அவர் இரண்டின் உறைகளையும் எடுத்து நீட்டினார். "உறையை மட்டும் கொண்டுபோய்ப் பழகிப் பாருங்க. சனிக்கிழமை வரைக்கும் ரெண்டையும் வேற யாருக்கும் தர மாட்டேன்."

தமிழினிக்குப் பெரியதுதான் வேண்டும். இருவாச்சி உயரமான மரத்தில் உட்காரும் பறவை. பத்து மடங்கில் அது கறுப்புப் புள்ளியாகத் தெரியும்; அறுபதில் அதன் கண் இமை தெரியும். அந்தப் பறவைக்குக் கண் இமையில் மனிதர்களைப் போல முடி உண்டு. அதைப் படம் எடுக்க அவளுக்கு ரொம்ப ஆசை. ஆனால் ஏழு முந்நூறோடு ஒரு கிலோவைக் கூட்டினால் எட்டு முந்நூறு. அந்த முந்நூறு கிராமின் மேல் மங்கி குல்லாவோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

வெறும் உறையோடு எப்படிப் பழகுவது? வழி சொன்னதும் அப்பாதான்.

"உள்ள அதே வெயிட்டுக்கு எதையாவது போட்டுத் தூக்கிப் பாரேன். கல்லு மண்ணு எதுக்கு? நம்ம கடைல இல்லாத வெயிட்டா?"

அவரே நிறுத்துக் கொடுத்தார். சின்ன கேமராவுக்கு முந்நூறு கிராம் பாசிப்பருப்பு. பெரிய கேமராவுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. "பேட்டரியோடன்னு சொன்னல்ல?" என்று மேலே நாலு பருப்பைப் போட்டுச் சரிசெய்தார். தமிழினி துவரம்பருப்புப் பாக்கெட்டைப் பெரிய உறையில் அப்படியே திணித்தாள். பாசிப்பருப்பை மட்டும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, லென்ஸ் இருக்கும் இடம் தெரிவதற்காக முன்னால் இருமல் மருந்து மூடி ஒன்றை ஒட்டினாள். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு மாதிரி என்றால் மாதிரி போல இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை துவரம்பருப்பின் முறை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பஸ்ஸில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளை மூன்று பேர் திரும்பிப் பார்ப்பது பத்தாம் வகுப்பு ஆண்டுவிழாவுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. ரயில் நிலைய வாசலில் பூ விற்கும் அம்மா, "இன்னா கண்ணு, டிவில இருந்து வர்றியா? இந்தப் பள்ளத்தை ஒரு படம் எடுத்துப் போடேன், தினம் ஒருத்தன் வுழறான்" என்றார். தமிழினிக்கு மறுக்கத் தெரியவில்லை. ஒரு கிலோ துவரம்பருப்பைப் பள்ளத்தை நோக்கித் திருப்பி, ஐந்து நொடி நின்றுவிட்டுப் போனாள்.

மாலையில் கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனாலும் அறுபது மடங்கு அறுபது மடங்குதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அன்று இரவே பையிலிருந்து முந்நூறு கிராமைக் குறைக்கும் வேலையில் இறங்கினாள். துண்டைப் பாதியாக வெட்டினாள். சோப்பைப் பாதியாக வெட்டினாள். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தாள். ஒரு சட்டையை வெளியே எடுத்தாள். துவரம்பருப்பு உறையைப் பைக்குள் வைத்து, கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். சரியாக எட்டு கிலோ. நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை விடிந்ததும் மறுபடியும் நிறுத்தாள். எட்டு கிலோ இருநூற்றைம்பது.

அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தேதி, நேரம், எடை என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் "ஈரப்பதம்?" என்று எழுதினாள்.

வேலைக்குப் போகும் முன் ஜெரூஷாவின் ஸ்கூட்டரில் இருவரும் திருநீர்மலைக்குப் போனார்கள். அன்று பாசிப்பருப்பின் முறை. மலை ஏறிப் பார்த்தால்தான் எடை தெரியும் என்பது தமிழினியின் கணக்கு. மலைப்பயணத்துக்குக் கால் பழக வேண்டும் என்பது ஜெரூஷாவின் கணக்கு. பாசிப்பருப்பு இருப்பதே தெரியவில்லை. சுரிதார்ப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென ஏறினாள். பாதிப் படியில் ஒரு மீன்கொத்தி கம்பியில் வந்து உட்கார்ந்தது. தமிழினி டப்பாவை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். இரண்டு நொடி. பெரியது என்றால் உறையின் ஜிப்பைத் திறக்கவே எட்டு நொடி.

"நீ இப்ப மருந்து மூடி வழியா பறவை பாக்கற, அது உனக்குத் தெரியுதா?" என்றாள் ஜெரூஷா.

"ரெண்டு நொடிடி."

"யாராவது பாத்தா?"

பார்த்துவிட்டார்கள். மேல்படியில் வயதான தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பட்டு வேட்டியும் அவர் மனைவி புதுப் புடவையுமாக இருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் சிரமம் பாக்காம எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுப்பியா? இன்னிக்கு எங்களுக்குக் கல்யாணநாள். நாப்பத்திரண்டு. நேக்கு செல்போன்ல எடுத்தா கை நடுங்கறது."

அது கேமரா இல்லை என்று சொல்லத் தமிழினி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மனைவியின் தோளில் கை போட்டுவிட்டார். அந்த அம்மாள் நாற்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தோளில் கை விழுந்தது போல் நாணினார். அதைக் கலைக்கும் துணிச்சல் தமிழினிக்கு இல்லை. டப்பாவை உயர்த்தினாள்.

"கொஞ்சம் சிரிங்க சார்," என்றாள். டப்பாவைச் சாய்த்ததில் பருப்பு சலசலத்தது.

"என்ன கம்பெனிம்மா இது? சத்தமே வேற மாதிரி இருக்கே."

"லோக்கல் சார்."

ஜெரூஷா படியில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"லக்ஷ்மிநாராயணன்னு போட்டுக்கோ," என்று அவர் தன் எண்ணைச் சொன்னார். "வாட்ஸ்ஆப்ல அனுப்பிடு. உன் நம்பரையும் சொல்லு, ஒரு மிஸ்டு கால் தரேன்." தமிழினி சொன்னாள். அதற்கும் முதலில் தலையாட்டியிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பை எட்டு கிலோ நானூறு ஆகியிருந்தது. முதல்நாள் இரவு அவள் இன்னும் நூறு கிராம் குறைத்திருந்தாள். ஈரப்பதம் என்பதை அடித்துவிட்டு "தராசு?" என்று எழுதினாள். அதை அப்பா எட்டிப் பார்த்துவிட்டார்.

"என் தராசு மேலயா சந்தேகம்? வருஷா வருஷம் முத்திரை குத்திகினு வர்ற தராசுமா! இந்தத் தெருல ஒரு ஆள் இதைக் குறை சொன்னதில்ல!" அவர் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். ஒரு கிலோ ஒரு கிலோவாகவே இருந்தது. கடைக்கு வந்திருந்த மூன்று பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "எட்டு நானூறா? பரவால்லமா. நான்தான் கூட வரேனே" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தமிழினிக்கு அது கேட்டது. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

அவள் செய்த தவறு, பையை ஒருமுறைகூட முழுக்கக் கொட்டிப் பார்க்காததுதான். மேலே இருந்ததைக் குறைத்துக்கொண்டே இருந்தாள். அன்று மாலை வேலை முடிந்து சீக்கிரம் வந்தவளுக்கு அறைக்குள் பெருங்காய வாசனை அடித்தது. கட்டிலில் பை திறந்திருந்தது. அம்மா காந்திமதி கையில் ஒரு காலுறை. அதற்குள் அவர் பருப்புப் பொடியை ஸ்பூனால் இறக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா!"

காந்திமதி திடுக்கிடவில்லை. ஸ்பூனை நக்கிவிட்டு வைத்தார். "சத்தம் போடாத. கதவைச் சாத்து."

மழைக்கோட்டுக்குள் முறுக்கு இருந்தது. போர்வை மடிப்பில் புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று குழந்தை மாதிரி படுத்திருந்தது. பறவைப் புத்தகத்தின் உறைக்குள் வடாம்.

"எதுக்கும்மா?"

"இன்னா எதுக்கு? நீ எதுக்குப் போற?"

"பறவை பாக்க."

"பொய். நாலு நாள் இந்தக் குரல் கேக்காம இருக்கப் போற." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கு வேணாமா? கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். கடையும் வூடும் ஒண்ணா கீது. காலைல கண்ணு முழிச்சா, 'காந்தி, உளுந்து எங்க?' ராத்திரி கண்ணு மூடறப்போ, 'காந்தி, மொளகாய் மூட்டை உள்ள வந்துச்சா?' அந்த மனுஷன் ஒருநாள் வெளியூர் போனதில்ல. இப்பதான் குல்லா வாங்கி ரெடியா கீறாரு. நீ என்னடான்னா பிரஷ்ஷை அறுத்துகினு கீற. எட்டுக்கு மேல போயிடணும்னு நான் வேண்டிக்காத கோயில் இல்ல."

தமிழினி பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் வேண்டியது அதே நான்கு நாள். இருந்ததோ ஒரே அப்பா.

"நாலு நாள் அவர் எங்கூட இருந்தா நான் ஒரு பறவைகூடப் பாக்க முடியாதும்மா."

"நாலு நாள் அவர் இல்லன்னா நான் ஒரு சீரியலாவது முழுசா பாப்பேன்."

இருவரும் ஆளுக்கொரு முறுக்கு எடுத்துத் தின்றார்கள். கடைசியில் காந்திமதியே காலுறையைக் கவிழ்த்துப் பொடியைத் திரும்பக் கொட்டினார். "போ. வயசுப்பொண்ணு. நீயாவது போ" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் லக்ஷ்மிநாராயணன் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். முதல் முறை நெட்வொர்க் இல்லை என்றாள். இரண்டாவது முறை படத்தைச் சரிசெய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது முறை பொய் தீர்ந்துவிட்டது.

"சார், அது கேமரா இல்ல. பருப்பு."



"என்ன பருப்பு?"

"பாசிப்பருப்பு சார். முந்நூறு கிராம்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு கிலோ, அறுபது மடங்கு, மங்கி குல்லா எல்லாவற்றையும். முகம் தெரியாத ஒருவரிடம் அவள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. ஜெரூஷா தண்ணீர்ச் சோதனையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சிரித்தார். பக்கத்தில் மனைவிக்கும் சொன்னார். அவரும் சிரிப்பது கேட்டது. "ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னிக்கு அந்தப் படியில பெரிய கேமராவோட ஒரு பையன் நின்னான். அவன்கிட்ட நாங்க கேக்கல. அதைப் பாத்தாலே ஒரு பயம். நீ சின்னதா என்னமோ வெச்சிண்டு ஓரமா நின்னே. உங்கிட்டதான் கேக்கத் தோணித்து."

தமிழினி போனை வைத்துவிட்டு வெகுநேரம் சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நிற்பது அவளுக்கு நன்றாக வரும். உலகத்தில் அவளுக்கு நன்றாக வரும் சில காரியங்களில் அது ஒன்று. கழுத்தில் பீரங்கி தொங்கினால் ஓரம் என்பதே இல்லாமல் போகிறது. பூக்கார அம்மாவே டிவிக்காரி என்று நினைத்துவிட்டார். பறவை என்ன நினைக்கும்?

"சின்னது," என்றாள்.

"அப்ப இருவாச்சியோட கண் இமை?" என்றாள் ஜெரூஷா.

"அது இமைக்கறப்போ நான் பக்கத்துல நிப்பேன். அது போதும்."

சனிக்கிழமை ஏகநாதனிடம் போய் வாங்கினாள். அவர் சந்தோஷப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று தெரியவில்லை. பெரியதைத் தடவிக்கொடுத்து, அதன் உறையைக் கேட்க மறந்து, உள்ளே வைத்தார். அங்கிருந்து நேரே சேலையூரில் லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்குப் போய், அதே பட்டு வேட்டியிலும் புடவையிலும் இருவரையும் நிற்கவைத்து எடுத்தாள். அன்று இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. "படம் நன்று. ஆனால் மாமி, மலையில் எடுத்ததுதான் நன்றாக வந்திருக்கும் என்கிறாள்."

வெட்டிய துண்டின் இரு பாதிகளும், சோப்பின் இரு பாதிகளும், சட்டையும், புதன்கிழமை எடுத்த நூறு கிராமும் பைக்குத் திரும்பின. பிரஷ் கைப்பிடியை மட்டும் ஒட்ட முடியவில்லை. ஏழு முந்நூறோடு முந்நூறு, ஏழு அறுநூறு. நானூறு கிராம் மிச்சம் வேறு. அம்மாவுக்காக ஒரு பொட்டலம் முறுக்குகூட வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில், பொன்னுரங்கம் தராசைத் துணியால் துடைத்தார். ஜெரூஷா வந்திருந்தாள். காந்திமதி வாசற்படியில் நின்றார். எண்ணெய் வாங்க வந்த இரண்டு பேர் எண்ணெயை மறந்துவிட்டு நின்றார்கள். தமிழினி பையை ஏற்றினாள்.

எட்டு கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

பொன்னுரங்கம் கல்லாப்பெட்டிக்குக் கீழே குனிந்தார். எழுந்தபோது தலையில் மங்கி குல்லா இருந்தது.

தமிழினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இல்லடி!" என்றார் காந்திமதி. "சத்தியமா நான் இல்ல! வேணும்னா கொட்டிப் பாரு!"

கொட்டினாள். மளிகைக் கடை நடுவில், எண்ணெய் வாங்க வந்தவர்கள் முன்னால், அவளுடைய துணிமணி எல்லாம் அரிசி மூட்டை மேல் விழுந்தது. எப்போதும் ஓரத்தில் நிற்பவளுக்கு அது சாதாரணக் காரியம் இல்லை. போர்வை வந்தது, புத்தகம் வந்தது, பாதித் துண்டு வந்தது, இன்னொரு பாதியும் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பெரிய கேமராவின் உறை வந்தது. அதற்குள் ஒரு கிலோ துவரம்பருப்பு. செவ்வாய்க்கிழமை இரவு நிறுத்துப் பார்க்க அவளே வைத்தது. வைத்ததை மறந்தே போயிருந்தாள்.

எல்லோரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். அவர் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முடிச்சு அவர் போட்டது. உள்ளே பேட்டரிக்காகப் போட்ட நாலு பருப்பும் இருந்தது. ஒன்றும் தெரியாதது போல் அதைப் பையிலேயே திரும்ப வைத்துவிடலாம். எட்டுக்கு மேல் என்றால் மேல்தானே. அவர் கை ஒருமுறை பைப் பக்கம் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இது கடை சரக்கு," என்றார் கடைசியில். "உன் பையில சேராது." பையை மறுபடி ஏற்றினார். "ஏழு கிலோ ஐந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு." குல்லாவைக் கழற்றி மடித்தார். "அறுநூறுக்கு அஞ்சு கிராம் கொறையுதே, இன்னா கணக்கு?"

"பிரஷ் கைப்பிடிப்பா."

"ம்." அவர் குல்லாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டிக்கெட்டை கேன்சல் பண்ணணும்."

"எதுக்குக் கேன்சல்?" காந்திமதி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். "வூட்டு ஆளுங்க பேருக்கு மாத்திக்கலாமாம். முன்கூட்டியே எழுதிக் குடுத்தா போதுமாம். விசாரிச்சுட்டேன்."

"யார்கிட்ட விசாரிச்ச? எப்போ?"

"அதெல்லாம் எதுக்கு? அந்த ரயிலு ராஜபாளையத்துல நிக்குது. எங்கக்கா கங்கையம்மா வூடு ஸ்டேஷன்ல இருந்து கூப்பிடற தூரம். அவ வூட்ல நாலு நாள் இருந்துட்டு வரேன்."

"நீயா?"

காந்திமதி மகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அவர் போனா இன்னா, நான் போனா இன்னா? நாலு நாள் நாலு நாள்தானே!"

புதன்கிழமை மாலை அவர்கள் தாம்பரம் ரயில் நிலையத்துக்குத் தாமதமாகத்தான் வந்தார்கள். காந்திமதி கடைசி நேரத்தில் இன்னொரு பையையும் கட்டியதுதான் காரணம். இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாக்கியிருந்தார். அதை யாரும் தராசில் ஏற்றவில்லை. ஒரே ஒருமுறை பொன்னுரங்கம், "இதை ஒருவாட்டி நிறுத்து..." என்று ஆரம்பித்தார். "நான் இன்னா துவரம்பருப்பா?" என்று காந்திமதி கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரயில் அடுத்த நடைமேடையில் வந்து நின்றுவிட்டது. ஜெரூஷாவும் காந்திமதியும் முன்னால் ஓடினார்கள். தமிழினி முதுகில் ஏழு ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்தோடு இரண்டிரண்டு படியாகப் பாலம் ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கவில்லை. கீழே வந்து திரும்பிப் பார்த்தாள்.

மேலே, படிக்கட்டின் தலைப்பில், அப்பா வந்துகொண்டிருந்தார். தோளில் மூட்டை. கையிரண்டும் அதைப் பிடித்திருந்ததால், "எங்கக்கா வூட்ல குளிரும், குல்லாவைக் கொண்டா" என்று அம்மா கேட்டிருந்த மங்கி குல்லா அவர் தலையிலேயே இருந்தது. தாம்பரத்தின் மாலைப் புழுக்கத்தில், வேட்டி முழங்காலுக்கு மேல் ஏற, "வழி! வழி வுடுங்க! ரயிலு! வழி!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

தமிழினியின் கை சுரிதார்ப் பைக்குப் போனது. இரண்டு நொடி. சின்ன கேமரா கண்ணருகே வந்தது.

மூட்டையைப் பெட்டிக்குள் தள்ளியதும், இந்தமுறை யாரும் சொல்லாமலே, அவர் இரண்டு அடி பின்வாங்கி நின்றுகொண்டார். குல்லாவைக் கழற்றி ஜன்னல் வழியாக மனைவியிடம் கொடுத்தார். ரயில் நகர்ந்தது. அவர் கையசைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "பதினெட்டுக்குக் குறையாது, காந்தி!" என்று மட்டும் கத்தினார்.

கூட்டம் அடங்கியதும், தன் பெட்டிக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று காந்திமதியும் உட்கார, மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார்கள். வெளிச்சம் போதவில்லை. ஏகநாதன் சொன்னது சரிதான். அப்பாவின் கால்கள் கலங்கியிருந்தன. மூட்டை கலங்கியிருந்தது. குல்லா மட்டும் அவ்வளவு தெளிவு, நூல் நூலாக எண்ணலாம். குல்லாவுக்குள்ளிருந்து திறந்த வாய் ஒன்று.

"இருவாச்சி மாதிரியே இருக்காருடி உங்கப்பா," என்றாள் ஜெரூஷா.

காந்திமதி படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இவரு இப்படி ஓடி நான் பாத்ததே இல்லயே," என்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் சிரித்தார்.

செங்கல்பட்டு வருவதற்குள் போன் வந்தது. அப்பா. ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை. பெட்டி முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, சாம்பாருக்குப் பருப்பு எவ்ளோ போடணும்?"

இருபத்தெட்டு வருடமாக ஊருக்கே பருப்பு நிறுத்துக் கொடுத்தவர். தமிழினி அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரு கைப்பிடி," என்றார் காந்திமதி.

"ஒரு கைப்பிடின்னா எத்தனை கிராம்?"

காந்திமதி போனை வாங்கி, அணைத்து, மடியில் வைத்துக்கொண்டார். மங்கி குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டி, காதுவரை இறக்கிவிட்டுக்கொண்டார். வெளியே இன்னும் புழுக்கமாகத்தான் இருந்தது.

"ஒண்ணு எடு," என்றார் மகளிடம்.

தமிழினி எடுத்தாள்.